எந்தக் கம்பெனி என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

சொத்து ஏஜண்டு ஆவதற்கான ஆர்இஎஸ் தேர்வில் இரண்டு தாளும் தேறிவிட்டாய் என்ற செய்தி வந்ததிலிருந்து அப்பா புளோக்கில் யாரைப் பார்த்தாலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் மனம் நிறைந்த சந்தோஷம். அடுத்த வரியில் "எந்தக் கம்பெனியில் சேரட்டும்மா?" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் முதல் சில கேஸ்களில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிற ஆள் யார் என்பதை முதலில் முடிவு செய். கம்பெனியின் பெயரும் கமிஷன் பங்கும் அதற்கப்புறம் வரட்டும்.

வக்கீல் அலுவலகத்தில் சொத்துப் பத்திரப் பிரிவில் இருந்த வருஷங்களில் ஏஜண்டுகள் எத்தனையோ பேர் என் மேசைக்கு வந்து போனார்கள். நல்ல ஏஜண்டு, மோசமான ஏஜண்டு என்று பிரிப்பதைவிட, கேட்க ஆள் இருந்த ஏஜண்டு, கேட்க ஆள் இல்லாத ஏஜண்டு என்று பிரிப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இளைஞன் தன் முதல் வீடாக 1.2 மில்லியன் வெள்ளிக்கு ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்க வந்தான். வங்கிக் கடன் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று அப்பாவின் பெயரையும் சேர்த்து ஆப்ஷன் (முன்பணம் கொடுத்து வீட்டைத் தங்களுக்கென்று பிடித்து வைக்கும் உரிமை) வாங்கியிருந்தார்கள். அப்பா பெயரில் ஏற்கெனவே ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருந்தது. சொத்து வாங்கும்போது வழக்கமான தீர்வைக்கு மேல் கூடுதல் முத்திரைத் தீர்வை என்று ஒரு வரி உண்டு; சேர்ந்து வாங்கும்போது அதில் யாருக்கு அதிக விகிதமோ அந்த விகிதம்தான் முழு விலைக்கும் விழும். சிங்கப்பூரர் இரண்டாவது வீடு வாங்கினால் இந்தத் தீர்வை 20 சதவீதம். அதாவது 240,000 வெள்ளி. ஆப்ஷனை எக்சர்சைஸ் செய்த, அதாவது வாங்குவதை உறுதி செய்த, 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கோப்பைப் பிரித்ததும் எங்கள் வக்கீல் இதைச் சொன்னபோது அந்தக் குடும்பம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது. பையன் ஒருவனாக வாங்கக் கடன் போதவில்லை. ஆப்ஷனைக் காலாவதியாக விட்டார்கள். விற்பவரிடம் கொடுத்த ஒரு சதவீதம், 12,000 வெள்ளி, போனது போனதுதான்.

அந்த ஏஜண்டு புதியவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சந்தேகம் வந்து தன் டீம் லீடருக்கு மெசேஜ் போட்டிருக்கிறார், இரண்டு நாளாகப் பதில் இல்லை, விற்பவர் அவசரப்படுத்தினார், காசோலை கைமாறிவிட்டது. அவர் இருந்தது பெரிய கம்பெனிதான். பெயர் பெரிது, பயிற்சி அறை பெரிது, ஆனால் அந்த இரண்டு நாளில் அவருக்கு யாரும் இல்லை. நீ கம்பெனி தேடும்போது இதை மனதில் வைத்துக்கொள்.

சட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்று படித்திருப்பாய். படித்ததை இப்போது உன் நிலையில் வைத்துப் பார். 2010ல் சொத்து முகவர் சட்டம் வந்து, ஏஜண்டுகளை நெறிப்படுத்தும் சிஇஏ மன்றம் அமைந்த பிறகு, ஏஜண்டு ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே கம்பெனியின் கீழ்தான் பதிவு செய்ய முடியும். உன் பதிவுக்கு விண்ணப்பிப்பதே அந்தக் கம்பெனிதான். கமிஷன் கம்பெனிக்குத்தான் வரும், அங்கிருந்துதான் உனக்கு வரும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுகிற முகவர் ஒப்பந்தமும் கம்பெனியோடுதான். இதன் அர்த்தம், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் நீ ஓடி ஓடிப் பிடித்த வீடுகள் பழைய கம்பெனியின் கணக்கிலேயே நிற்கும். மாற முடியாது என்றில்லை. பதிவு வருஷாவருஷம் டிசம்பர் 31ல் முடிவதால், அதை ஒட்டி நிறையப் பேர் மாறுவார்கள். ஆனால் முதல் வருஷத்திலேயே மாறினால், விதைத்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஆகிவிடும்.

இப்போது உனக்கு ஃபோன் மேல் ஃபோன் வந்துகொண்டிருக்கும். தேர்வு எழுதியவர்களைத் தேடிப் பிடிப்பது இந்தத் தொழிலில் வழக்கம். தோ பாயோவில் ஒரு கம்பெனியின் அறிமுகக் கூட்டத்துக்குப் போனேன் என்றாய். தொண்ணூறு சதவீதம் உனக்கு, பத்து கம்பெனிக்கு என்று சொன்னார்களாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600,000 வெள்ளி வீவக வீட்டை விற்றுக் கொடுக்கிறாய், இரண்டு சதவீதம் பேசினாய் என்று வை (சிஇஏ எந்த விகிதத்தையும் நிர்ணயிக்கவில்லை, பேசி முடிப்பதுதான்). 12,000 வெள்ளி. தொண்ணூறு என்றால் உனக்கு 10,800. எழுபது என்றால் 8,400. வித்தியாசம் 2,400. சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் வருஷத்தில் நீ முடிக்கப்போவது விரல் விட்டு எண்ணக்கூடிய கேஸ்கள். அந்த 2,400 கொடுத்து, ஒப்பந்தம் போடும் முன் உன் தாள்களை ஒருவர் வரிவரியாகப் பார்க்கிறார், முதல் சந்திப்புகளுக்குக் கூட வருகிறார் என்றால், கொடு. தாராளமாகக் கொடு. தொண்ணூறு தருகிற கம்பெனியிலும் அப்படி ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

உன்னைச் சேர்ப்பவருக்கு நீ முடிக்கிற ஒவ்வொரு கேஸிலும் ஓவர்ரைடிங் என்று ஒரு பங்கு போகும். அதில் தப்பில்லை, சொல்லிக் கொடுப்பவருக்கும் கூலி வேண்டும். ஆனால் வாங்குகிற பங்குக்கு அவர் என்ன செய்கிறார் என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு. முகத்துக்கு நேராகவே கேள், கூச்சப்படாதே.

இன்னொரு வழி இருக்கிறது. புதிதாக வருகிற பலர் இதைச் செய்வதில்லை, எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சிஇஏ இணையத்தளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறதல்லவா, அதில் எந்த ஏஜண்டின் பெயரைப் போட்டாலும் அவர் முடித்த பரிவர்த்தனைகள் வரும். எந்த வட்டாரம், வீவகவா தனியாரா, விற்பனையா வாடகையா, யார் பக்கம் நின்றார் என்று தெரியும். உன்னைக் கூப்பிடுகிற லீடரின் பெயரைத் தட்டிப் பார். மேடையில் பளபளப்பாகப் பேசுகிறவர் கடைசியாக எப்போது ஒரு மறுவிற்பனை வீட்டைக் கையால் தொட்டார் என்று தெரிந்துவிடும். ஆள் சேர்ப்பதே வேலையாகப் போனவரிடம் புதிய ஏஜண்டு கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. அவருடைய டீமில் போன வருஷம் சேர்ந்த இரண்டு மூன்று பேரின் பெயரையும் கேட்டு வாங்கிப் பார். அவர்களுடைய பதிவேட்டில் முடித்த கேஸ் ஏதாவது இருக்கிறதா? அவர்களோடு ஒரு கோப்பி குடித்துப் பேசு. லீடர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது உனக்கு உதவும்.

பெரிய கம்பெனியா சின்னதா என்று மாப்பிள்ளை கேட்டார். புரோப்நெக்ஸ், இஆர்ஏ, ஹட்டன்ஸ் போன்ற பெரிய இடங்களில் புதிய கொண்டோ திட்டங்களை விற்கும் வாய்ப்பு கிடைக்கும், வகுப்புகள் நிறைய இருக்கும். ஆனால் உன்னை மாதிரி ஆயிரக்கணக்கான பேரும் இருப்பார்கள். நாட்டில் பதிவு செய்த ஏஜண்டுகள் 35,000க்கும் மேல். சின்ன இடத்தில் தலைமை நிர்வாகியே உன் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார், ஆனால் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்குமா என்பது ஆளைப் பொறுத்தது. எனக்கு இதில் தனி விருப்பம் இல்லை. பெரிய கம்பெனிக்குள் ஒரு நல்ல சின்ன டீம் கிடைத்தால் அதுவே போதும்.

ஒன்றில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சேர்ந்த முதல் மாதமே ஷோஃப்ளாட்டில் (மாதிரி வீட்டில்) நிறுத்தி, ஒரே திட்டத்தை எல்லாருக்கும் விற்கச் சொல்கிற டீம் வேண்டாம். வாடகையும் வீவக மறுவிற்பனையும் கற்றுக்கொடுக்கிற டீமாகப் பார். காரணம் சொல்கிறேன். உன் முதல் வாடிக்கையாளர்கள் நம் சொந்தக்காரர்களும் கோயிலில் பார்க்கிறவர்களும்தான். அவர்களில் பெரும்பாலோர் இருப்பது கழக வீட்டில். இந்தியக் குடும்பம் வீட்டை விற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இன ஒருங்கிணைப்பு விகிதம், அதாவது ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு. 1989லிருந்து இருக்கிற விதி. அந்த புளோக்கில் சீனர் விகிதம் நிறைந்திருந்தால், நம்மவர் வீட்டைச் சீனக் குடும்பத்துக்கு விற்க முடியாது. வாங்க வருபவர் கூட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிடும், விலையும் அதற்கேற்ப இறங்கும். வீவக இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் தெரிந்துவிடும், மாதத்தின் முதல் நாள் புதுப்பிப்பார்கள். விலையைப் பற்றி ஆசை காட்டிவிட்டு, இதை அப்புறம் சொன்னால் உறவே முறிந்துவிடும். இதையெல்லாம் தினமும் கையாளுகிற ஒருவரின் கீழ் இருந்தால், நீயும் அதை இயல்பாகக் கற்றுக்கொள்வாய். வீவக ஆப்ஷன் 21ஆம் நாள் மாலை 4 மணிக்கு முடியும், சனி ஞாயிறும் சேர்த்துத்தான் கணக்கு என்பது மாதிரி விஷயங்கள் தேர்வில் ஒரு மதிப்பெண். வேலையில் அது ஒரு குடும்பத்தின் வீடு.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். நீ இப்போது மாதச் சம்பளக்காரி. ஏஜண்டு ஆனதும் கம்பெனியின் ஊழியர் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்பவர். முதலாளி மசேநியில் (மத்திய சேம நிதியில்) போடுகிற 17 சதவீதம் நின்றுவிடும். மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கு நீயே கட்ட வேண்டும். மறுவிற்பனையில் விண்ணப்பத்தை வீவக ஏற்றுக்கொண்ட பிறகே சுமார் 8 வாரம் ஆகும், கமிஷன் வருவது எல்லாம் முடிந்த பிறகு. வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கிற காலம், வாங்குபவர் கிடைக்கிற காலம் எல்லாம் சேர்த்தால் முதல் காசு கையில் விழ அரை வருஷம் ஆகலாம். அதற்குள் ப்ரோப்பர்ட்டிகுரு இணையத்தளத்தில் வீட்டு விளம்பரம், பதிவுக் கட்டணம், அட்டை, போக்குவரத்து என்று உன் பையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். வீட்டுத் தவணையை மாப்பிள்ளையின் சம்பளத்தில் எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். குறைந்தால் எங்களிடம் கேள், அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இதனால்தான் ஒப்பந்தத்தில் சில வரிகளைக் கவனிக்கச் சொல்கிறேன். வாடிக்கையாளர் கம்பெனிக்குப் பணம் கட்டியபின் எத்தனை நாளில் உனக்கு வரும்? நிர்வாகக் கட்டணம், தொழில்நுட்பக் கட்டணம் என்று மாதாமாதம் ஏதாவது பிடிக்கிறார்களா? நீ விலகினால், நடுவில் இருக்கிற கேஸ்களின் கமிஷன் முழுதாக வருமா, பங்கு குறையுமா? யாராவது புகார் கொடுத்தால் கம்பெனி உன் பக்கம் எந்த அளவுக்கு நிற்கும், காப்புறுதி எதையெல்லாம் உள்ளடக்கும்? கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. 2021லிருந்து சிஇஏவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஏஜண்டுக்கு ஒரு கேஸுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். விளையாட்டுக் காரியம் இல்லை.

அப்புறம், அத்தை தன் வீட்டு அறைக்கு ஆள் பார்த்துக் கொடுக்கச் சொல்லி உன்னிடம் பேசினாராம். பொதுப் பதிவேட்டில் உன் பெயர் ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இரு. தேர்வில் தேறியது வேறு, பதிவு வேறு. பதிவு இல்லாமல் முகவர் வேலை பார்த்தால் 25,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. அத்தையிடம் நானே விளக்கிச் சொல்லிவிடுகிறேன், நீ சங்கடப்பட வேண்டாம்.

தேர்வில் தேறி இரண்டு வருஷத்துக்குள் பதிவு செய்தால் போதும், அதனால் எந்த லீடரும் "இந்த வாரமே கையெழுத்து" என்றால் அவசரம் அவருக்குத்தான். நீ சொன்ன மூன்று பேரில், பொங்கோலில் வாடகையும் மறுவிற்பனையும் செய்கிற அந்த அக்கா எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்ட கேள்விக்கு "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறுநாளே சொன்னார் என்றாயே, அதனால். அவருடைய பதிவேட்டைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு. ஒப்பந்த நகல் தருவாரா என்று கேள். தந்தால் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு சாப்பிட வரும்போது எடுத்து வா, நானும் நீயும் சேர்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
அம்மா