நம் ஊர்த் தொடக்கப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவருக்கும், மலை ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பெற்றோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை சுவருக்குப் பெயின்ட், தண்ணீர்த் தொட்டி, சுதந்திர தின மிட்டாய் என்று போகும். அதெல்லாம் இந்த ஆண்டும் நடந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். போன பொதுக்குழுவில் சண்டை வந்தது அதில்தானே.

ஏற்காட்டிலிருந்து வேன் வந்து நம் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறது, இங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை ஆய்வு செய்து சொல்லும் அசர் அறிக்கையை, 2022ஆம் ஆண்டினதை, போனில் எடுத்து வாசித்தார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 5 பேர்கூட இல்லை என்றது அது. தலைமையாசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "உங்க பிள்ளை படிக்கிறதை யாராவது அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருக்கீங்களா?" என்றார். கூட்டத்தில் சத்தமே இல்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதனால் ஜூன் மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் உறுப்பினர் இருவர் பள்ளி வராந்தாவில் பாய் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். மார்க் கிடையாது, திருத்துவதும் கிடையாது. என்ன படித்தது, எங்கே நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரமே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டை மழை மாதிரி கொட்டினான். நடுவில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவன் நிறுத்தவில்லை, வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அதே பாட்டைச் சொன்னான். கெட்டிக்காரன்தான், காதால் படித்திருக்கிறான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன். கொரோனாவால் பூட்டிய பள்ளி, தொடக்க வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதாவது பள்ளிக்கூடத்தை அவன் முதலில் பார்த்ததே இரண்டாம் வகுப்பின் பாதியில். 'அ' எழுதப் பழக வேண்டிய வயதில் அவன் காபித் தோட்டத்தில் அம்மா பின்னால் திரிந்துகொண்டிருந்தான்.

அவனுக்கு அரசின் வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்களைக் கொடுத்தோம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. ஐந்தாவது படிக்கிறவனுக்கு 'நுழை'யா என்று முதலில் அவனுக்கே ரோஷம் வந்தது. பொங்கல் விடுமுறைக்கு முன்னால் 'ஓடு'வில் இருந்தான். மெதுவாகத்தான் படிக்கிறான், ஆனால் இப்போது பக்கத்தைத் திருப்பினால் நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறான்.

இதே ரோஷம் சில பெற்றோருக்கும் உண்டு. படிக்கவும் கணக்குப் போடவும் அடிப்படையிலிருந்து சொல்லித் தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பார்கள். "மூணாவது படிக்கிற என் பொண்ணை அரும்புல உட்கார வெச்சுட்டாங்க" என்று ஒரு தாய் என்னிடம் சண்டைக்கு வந்தார். ஈராசிரியர் பள்ளியில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்தான், வகுப்போ ஐந்து. சொல்லித் தருவதில் குறை என்று நான் எதையும் பார்க்கவில்லை. குறை நேரத்தில் இருக்கிறது. வருகை, மதிப்பீடு எல்லாவற்றையும் செயலியில் ஏற்ற வேண்டும். நம் ஊரில் சிக்னல் கிடைப்பதோ பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல். டீச்சர் அந்தப் பாறையில் நிற்கும் நேரமெல்லாம் பிள்ளைகளின் நேரம்.

கணக்கில் ஒரு வேடிக்கை. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அம்மா பறித்த காபிப் பழம் எத்தனை கிலோ, கூலி எவ்வளவு, முன்பணம் போக மீதி என்ன என்று வாயாலேயே சொல்லிவிடுவாள். அதையே நோட்டில் கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னால் அழுதாள். டீச்சரிடம் சொன்னோம். மறுவாரம் கரும்பலகையில் காபிக் கூலிக் கணக்கு வந்துவிட்டது!

இனி நம் குறையையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நோட்டில் பாதிப் பக்கம் காலி. பழம் பறிக்கும் காலம். கேட்க வேண்டிய நாமே தோட்டத்தில் இருந்தோம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்களை வீட்டில் நிறுத்தினோம். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதும் சேலத்திலிருந்து வரும் சாரால் வர முடியவில்லை, அது யார் கையிலும் இல்லை. ஆனால் பிள்ளையை நிறுத்தியது நம் கையில் இருந்தது. காலை உணவு வந்த பிறகு சின்ன வகுப்புகளில் வருகை பரவாயில்லை. பொங்கல் போடும் நாளில் யாரும் பிந்துவதில்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பெண்கள்தான் பறிப்புக் காலத்தில் காணாமல் போகிறார்கள்.

வருகிற நவம்பரில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துக்குப் போகாத பாட்டிகள் இருவரைக் கேட்டிருக்கிறோம். ஒருவர் சரி என்றிருக்கிறார். இன்னொருவர் வெற்றிலை பாக்குச் செலவைச் சங்கம் ஏற்குமா என்று கேட்கிறார். பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. குட்டிப் புத்தகங்களில் மூன்று இன்னும் திரும்பவில்லை. மூன்றும் 'பற'. யார் வீட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை கொடுத்து அனுப்புங்கள், அந்தப் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
செயலாளர்