அரைக்கட்டை இறங்கிய குரல்

அன்புள்ள மகளுக்கு,

நீ சொன்னதுதான் சரி. 20 வருஷத்துக்கு முன்னால் பாட்டியின் கேசட்டுகளைச் சிடியாக மாற்றி வாங்கி வந்து உனக்குப் போட்டுக் காட்டினேன். "அப்பா, இது பாட்டி குரல் மாதிரியே இல்லை. யாரோ சின்னப் பொண்ணு பாடுற மாதிரி இருக்கு" என்றாய். பாட்டி போனபோது உனக்கு 9 வயது, அந்த வயதில் கேட்டது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று சொல்லி உன் வாயை அடைத்துவிட்டேன். அந்தச் சிடியில் இருந்த குரல் தப்பான குரல்தான். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வருகிறது, பத்திரமாக வாங்கி வை.

போன வருஷம் அந்தச் சிடிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 11-ல் 3 ஓடவே இல்லை. வீட்டில் எழுதும் வகைச் சிடியில் பாட்டைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் பூச்சு, அது காலப்போக்கில் கெட்டுவிடும். ஆனால் அந்தச் சிடிகளுக்கெல்லாம் மூலமான 38 கேசட்டுகளும் அலமாரியில் அப்படியே இருந்தன. சிடி வந்தாயிற்று, இனி இந்தக் குப்பை எதற்கு என்று உன் அம்மா கேட்டபோது ஏனோ எனக்குத் தூக்கிப்போட மனசு வரவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது.

சரி, இந்த முறை நானே செய்வது என்று உட்கார்ந்தேன். நல்ல கேசட் டெக் ஒன்று வாங்கி, பெல்ட் மாற்றி, நாடாவில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்கு மட்டும் அதைத் தொடவில்லை, ரப்பர் விறைத்துவிடும். 7 கேசட்டுகளில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. அவற்றின் நாடாவை மட்டும் வெளியே எடுத்துத் திருகாணி போட்ட வேறு கூடுகளுக்கு மாற்றினேன். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் அசிமுத், அதாவது ஹெட் நிற்கும் கோணம். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கோட்டைவிட்டால் பிறகு கணினியில் முழுசாக மீட்கவே முடியாது. ஹெட்டில் ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அது நாடா ஓடும் திசைக்கு எந்தக் கோணத்தில் நின்று பதிவு செய்ததோ, கேட்கும்போதும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். ஒரு டெக்குக்கும் இன்னொரு டெக்குக்கும் இது துளி மாறும். மாறினால் உச்ச ஒலிகள் மங்கிவிடும், கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கும். நாடா பழசாகிவிட்டது, அதனால்தான் மந்தமாக இருக்கிறது என்று பலரும் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. நம் பதிவுகள் மோனோ, டெக்கோ ஸ்டீரியோ. இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்டபடி அந்தத் திருகாணியை மயிரிழை திருப்பினேன். 'ஸ' என்ற எழுத்து எப்போது பளிச்சென்று கேட்கிறதோ அதுதான் இடம். ஒவ்வொரு கேசட்டுக்கும், சிலவற்றில் ஒவ்வொரு பக்கத்துக்கும், திரும்பத் திரும்பச் செய்தேன். பழைய சிடியில் கேட்காத பாட்டியின் மூச்சு இதில் கேட்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி எடுப்பதற்கு முன் அவள் மூச்சு வாங்குவது.

இப்போது குரல் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது கேசட்டைப் பதிவு செய்தபோது அடியில் ஒரு ரீங்காரம் இருந்தது. மின்சாரத்தின் இரைச்சல்தான். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று வரைந்து காட்டும் வசதி உண்டு. அதை நீக்குவதற்காகப் போட்டுப் பார்த்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒன்று 50 ஹெர்ட்ஸில், இன்னொன்று 52.5-ல். எதுவும் பதியாத நாடாவை ஓட்டினால் 50 மட்டும் இருந்தது. அது என் டெக்கின் இரைச்சல். அப்படியானால் 52.5?

இரண்டு நாள் யோசித்தேன். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது லேசாக ஏறி இறங்கும், ஆனால் இந்த அளவுக்கு ஏறாது. பாட்டி பாடிய அன்று மைக் வயர் வழியாக 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் நாடாவில் ஏறியிருக்க வேண்டும். அது இன்று 52.5 ஆகக் கேட்கிறது என்றால், நாடா பதிவான வேகத்தைவிட 5 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். என் டெக் சரியாகத்தான் ஓடுகிறது, சோதித்துவிட்டேன். மெதுவாக ஓடியது நம் பழைய டேப் ரிக்கார்டர். அதன் பெல்ட் தளர்ந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதிலேயே பதிந்து அதிலேயே கேட்டோம். பதியும்போது மெதுவாக, கேட்கும்போதும் அதே மெதுவாக. தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டது. அந்த ரிக்கார்டர் போன பிறகு வேறு மிஷினில் போட்ட அன்றுதான் பாட்டியின் குரல் ஏறிவிட்டது.

கிட்டத்தட்ட அரைக்கட்டை! எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. பாட்டியின் ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அவள் எப்போதும் ஆதாரமாகப் பிடிக்கும் கட்டையைப் பிடித்துத் துருத்தியை அமுக்கிப் பார்த்தால், கேசட்டில் கேட்கும் அதே ஆர்மோனியம் அடுத்த கட்டையை ஒட்டி ஒலித்தது. வேகத்தைக் குறைத்தேன். இரண்டும் சேர்ந்தன. 45 நிமிஷம் ஓடிய பக்கம் 47 நிமிஷத்துக்கு மேல் நீண்டது. பாட்டி கொஞ்சம் வேகமாகப் பாடுவாள் என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோமே, அவள் அப்படிப் பாடவில்லை. நிதானமாகத்தான் பாடியிருக்கிறாள்.

அன்று சிடிக்கு மாற்றித் தந்தவர் ரீங்காரத்தை முழுக்க வடிகட்டிவிட்டார். இரைச்சல் நீக்குகிறேன் என்று மூச்சையும் துடைத்துவிட்டார். பாட்டுக்கு நடுவில் பேசியதை வெட்டினார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சுத்தமாகத் தர வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் வேகம் தப்பு என்பதற்கு இருந்த சாட்சி அந்த ரீங்காரம்தான். கேசட்டுகள் இல்லாமல் அந்தச் சிடி மட்டும் மிஞ்சியிருந்தால் எனக்கு இது எதுவுமே தெரிந்திருக்காது. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். டிஸ்க்கில் 'அசல்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் எதையும் தொடாதே. இரைச்சல், இருமல், பொத்தானை அமுக்கும் சத்தம், வேகத் தப்பு உட்பட நாடாவில் இருந்தது இருந்தபடியே இருக்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்புகள். ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி பிடிக்கும். எம்பி3 ஆக மாற்றி இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆரம்பிக்காதே. 'கேட்க' என்ற ஃபோல்டரில் வேகம் சரிசெய்தவை இருக்கின்றன. அவற்றை நீ என்ன வேண்டுமானாலும் செய்யலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 38-ல் 22 கேசட்டுகளுக்குத்தான் வேகம் மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு. எவ்வளவு மாற்றினேன் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன்.

இது மூன்றாவது பிரதி. இரண்டு என்னிடம் இருக்கின்றன. உன்னுடையது வேறு ஊரில், வேறு கூரைக்குக் கீழ் இருப்பதுதான் முக்கியம். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்.

4 ஸ்பூல் நாடாக்கள் பாக்கி. அவற்றை நான் தொடவில்லை. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால் சுருளின் பக்கவாட்டில் ஒளி ஊடுருவுகிறது, அருகில் போனால் வினிகர் வாடை. அது அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த நாடா, அதன் அடித்தளமே சிதைய ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று ஓட்டிப் பார்த்தபோது ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டது, உடனே நிறுத்திவிட்டேன். ஒட்டும் நாடாவைக் குறைந்த சூட்டில், 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல், மணிக்கணக்கில் வைத்து எடுத்தால் சில வாரங்களுக்கு ஓடும். ஆனால் அசிடேட்டுக்கு அதைச் செய்தால் நாசம். இது என் கைவேலை இல்லை, தெரிந்தவர்களிடம்தான் கொடுக்கப்போகிறேன். ஒலி, ஒளிப் பதிவுக் காப்பகங்களுக்கான சர்வதேச அமைப்பான இயாசாவும் யுனெஸ்கோவும் 2019-லேயே எச்சரித்திருக்கின்றன, நாடாக்கள் கெடுவதற்கு முன்பே அவற்றை ஓட்டும் மிஷின்களும் உதிரிபாகங்களும் இல்லாமல் போகும் என்று. ஒரு பெல்ட்டுக்காக நான் 4 மாதம் அலைந்தேன், அதனால் எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

டிஸ்க் வந்ததும் 'கேட்க' ஃபோல்டரில் 14-வது கேசட்டின் இரண்டாம் பக்கத்தைப் போடு. ஹெட்ஃபோனில் கேள். பாட்டி ஆர்மோனியத்தை இழுத்துச் சுருதி பிடிக்கிறாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து எதையோ நச்சரிக்கிறாய், "இரு கண்ணு, இந்த ஒரு பாட்டு முடியட்டும்" என்கிறாள். அன்று வெட்டி எறிந்தது இதைத்தான். நான் கணக்குப் போட்டும் ஆர்மோனியத்தை வைத்தும்தான் சரி பார்த்திருக்கிறேன். அவள் மடியில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டவள் நீ. கேட்டுவிட்டு, இது பாட்டிதானா என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அப்பா