வீட்டு வேலை வேறு, நடை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் நின்ற பெண்களிடம் "நடங்க" என்று சொன்னால், "நாள் முழுக்க வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டுதானே இருக்கேன்" என்பார்கள். 57 வயதாகும் எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. வீட்டு வேலையில் பத்தடி வைப்போம், நிற்போம், குனிவோம். உடம்பு அலுத்துப்போகும், ஆனால் மூச்சு சீராக ஏறாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் விடாமல் நடப்பதுதான் நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது இப்படி உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் எலும்பு வேகமாகத் தேய்கிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது. அமெரிக்காவில் செவிலியர்களிடையே நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. மாதவிடாய் நின்ற, வேறு உடற்பயிற்சி செய்யாத பெண்களில், வாரம் நான்கு மணி நேரமாவது நடந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் அபாயம், ஒரு மணி நேரம்கூட நடக்காதவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது.

எனக்குப் பெரிய விஷயம் மனசு. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பேன். யாராவது சாதாரணமாக ஒன்று சொன்னாலே கண் கலங்கும். நடக்கத் தொடங்கிய சில வாரங்களில் தூக்கம் திரும்பியது, காரணமில்லாத படபடப்பும் அடங்கியது. திடீரென்று உடம்பு சூடாகி வியர்ப்பது மட்டும் குறையவில்லை. அதற்கும் நடையே மருந்து என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்னோடு நடக்கும் தோழி ஆரம்பத்தில் வரமாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி என்பார். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "வேகமா நடந்தா, தும்மினா, சிறுநீர் கசியுது" என்றார். பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லையாம். இந்த வயதில் இது எத்தனையோ பேருக்கு இருக்கிறது. வெட்கத்தில் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். தோழி மருத்துவரிடம் போனார். சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொண்டார், தொடர்ந்து செய்தார். அப்புறம்தான் நடைக்கு வந்தார். இப்போது சில நாள் எனக்கு முன்னே போகிறார்!

வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். விருந்தாளி வந்தாலும் குழந்தை அழுதாலும் முதலில் நின்றுபோவது அம்மாவின் நடைதான். அந்த அரைமணி நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். உங்கள் நாளிதழும் சிறுநீர்க் கசிவைப் பற்றி ஒரு மகளிர் மருத்துவரைக் கொண்டு வெளிப்படையாக எழுத வைத்தால், நடக்க ஆசையிருந்தும் தயங்கி நிற்கும் பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி