இந்த வருடக் கேரல் பட்டியல்

அமைந்தகரை, சென்னை
14.11.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தம்பிக்குப் பரீட்சை நடக்கிறது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. புனேயில் குளிர் ஆரம்பித்திருக்குமே. உன் மரூன் ஸ்வெட்டர் இங்கே பீரோவில்தான் இருக்கிறது, போன தடவை விட்டுவிட்டுப் போய்விட்டாய். புதிதாக ஒன்று வாங்கிக்கொள், காசைப் பார்க்காதே. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வராதே. ஆஸ்பத்திரி வண்டியில் இடம் கேட்டு வா.

அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக்கு நீ அனுப்பிய ஐயாயிரம் வந்து சேர்ந்தது. பணம் மட்டும்தான் வந்தது, கூட ஒரு வரி இல்லை. ஜூலைக்குப் பிறகு நீ வீட்டுக்குப் பேசியது நான்கு முறை. நான்கு முறையும் அம்மாவிடம்தான். 'அப்பாகிட்ட சொல்லிடுங்க' என்று வைத்துவிடுகிறாய். அம்மா ஞாயிறு சாயங்காலம் ஆனால் போனைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மணி அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். அவளுக்கு மூட்டு வலி வேறு. உட்கார் என்றால் கேட்பதில்லை. நீ ஒரு நிமிடம் பேசினால் போதும்.

சரி, அதை எழுத வரவில்லை. சபைச் செய்தி எழுதுகிறேன், உனக்கு அதில் எப்போதும் அக்கறை உண்டு.

இந்த வருடம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த தொகையில் பாதியைப் பெரும்பாக்கம் வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். உனக்கு ஞாபகம் இருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையில் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கு வெளியே அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டார்கள். நம் சபைக் குடும்பங்கள் பதினொன்றும் 2017-ல் போனது. படிப்பு வருடத்தின் நடுவில் போனதால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டார்கள், பெண்கள் வீட்டு வேலையை விட்டார்கள். இங்கிருந்து பஸ்ஸில் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. ஆராதனைக்கு வர எப்படி முடியும்? வரவில்லை என்று நாமும் அவர்கள் பெயரை மெதுவாக மறந்துவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோதுதான் புது ஆயர் அந்தப் பழைய சந்தாப் புத்தகத்தை எடுத்து, 'இவர்கள் எல்லாம் எங்கே?' என்று கேட்டார். அன்றைக்கு சாம்பார் சாதப் பொட்டலம் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனவர்களில் உன் தம்பியும் உண்டு. அப்போது தொடங்கிய போக்குவரத்து இது.

நான் ரிட்டையர் ஆன பிறகு சனிக்கிழமைதோறும் போகிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, மனு எழுதுகிறேன். ரேஷன் கார்டில் முகவரி மாற்றம், முதியோர் உதவித்தொகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ். முப்பத்துநான்கு வருடம் கணக்கு எழுதிய கை, ஒரு படிவத்தைப் பார்த்தால் எங்கே திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பெண், முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். போன வருடக் கடைசியில் அவள் கணவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சுமுட்டி இறந்துவிட்டார். குடியிருப்புக்காரர்கள் ஒரு லட்சம் கையில் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். முதல் தகவல் அறிக்கையில் 'தவறி விழுந்து' என்று இருந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதே 2013 சட்டப்படி குற்றம் பாப்பா. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. சபையில் சட்டம் படித்த ஒரு தம்பி சொல்லித்தான் தெரிந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் 'தவறி விழுந்து' என்பதை எதிர்த்து எழுதிக் கொடுக்க நான் மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை வாங்கி முத்திரை போட்டார்கள். அன்றைக்கு உன் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் கூட்டலில் தப்பு என்று நீ தனியாகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் நின்றாயே. நீ இருந்தால் ஒரே தடவையில் முடித்திருப்பாய்.

இந்த ஆகஸ்ட் 10 கறுப்பு தினக் கூட்டத்துக்கும் போனேன். நீ காலேஜில் படிக்கும்போது கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு போவாய், நான் 'இதெல்லாம் நமக்கு எதுக்கு' என்று சொல்வேன். 1950-ல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையை ஆயர் வரி வரியாக வாசித்தார். இந்து மதத்தில் இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்று வரைக்கும் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. எல்லோரும் கை தட்டினோம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார், பெரும்பாக்கத்திலிருந்து வந்தவர். 'சர்டிஃபிகேட்ல நாங்க கிறிஸ்தவங்க. கோயில்ல நாங்க கரைக்காரங்க. மொதல்ல எதை மாத்தப் போறீங்க?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் ஜெபத்தோடு முடிந்தது. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

போன ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. வேதபாடம் என்னை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள், ஆமோஸ் ஐந்தாம் அதிகாரம், பாட்டு வேண்டாம், நியாயம் வேண்டும் என்று கர்த்தர் சொல்கிற பகுதி. பாதியில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. கண்ணாடியில் ஈரம் என்று துடைத்துவிட்டு வாசித்து முடித்தேன். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் ஏன் நின்றது என்று சொல்கிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் போலிருக்கிறது.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். யார் வீடு என்று உனக்குத் தெரியும். அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பாட்டியின் முதியோர் உதவித்தொகைக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள், தனக்காக இல்லை. டீ கொடுத்தார்கள். குடித்தேன். சுவரில் பையன் பட்டம் வாங்கிய போட்டோ. 'புனேல இருக்கான்' என்றார்கள். நான் தெரியும் என்று சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் வந்தார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: 'இங்க வண்டி வாசல் வரைக்கும் வரும்ணா. இந்த வருஷம் கேரல் கூட்டிட்டு வாங்க.'

அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை பாப்பா. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2010-ல் நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் கமிட்டிச் செயலாளர். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் பட்டியல் நான்தான் போடுவேன். மூன்று இரவு, எந்த வீடு எத்தனை மணிக்கு, கடைசி வீட்டில் பாடகர் குழுவுக்குச் சாப்பாடு. நவம்பர் கடைசியில் அந்த அம்மா ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார்கள். கையில் ஒரு சீட்டு, பென்சிலில் முகவரி எழுதியிருந்தது. கடைசி நாள் சாப்பாடு தங்கள் வீட்டில் இருக்கட்டும், சீட்டு கட்டிச் சேர்த்த பணம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார்கள். அவர்கள் பையன் உங்களோடு பாடினான், தபேலாவும் அவன்தான். நான் 'ஏற்கெனவே முடிவாகிடுச்சும்மா' என்று சொல்லிவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். முடிவாகவில்லை. ஒரு வீடும் அதுவரை கேட்கவில்லை.

அப்புறம் பட்டியல் தட்டச்சு செய்யும்போது கரையில் இருந்த பதினொரு வீட்டையும் விட்டுவிட்டேன். பக்கத்தில் 'பாதை சரியில்லை, வண்டி போகாது' என்று குறிப்பு எழுதினேன். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் இரண்டு நிமிடம். நீ அன்றைக்கே கேட்டாய், 'நடந்து போகக் கூடாதா அப்பா?' என்று. பெண் பிள்ளைகளை ராத்திரி நேரத்தில் அங்கே கூட்டிப்போக முடியாது என்றேன். அவர்களுக்கு ஏன் வீண் செலவு, பாவம் என்றும் சொன்னேன். அந்தப் பாவம் என்கிற வார்த்தையை நானே நம்பினேன்.

எந்த வீட்டிலும் நம்ம ஆட்கள் யாரும் என்னிடம் வந்து, கரைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் கேட்காததை நானே செய்தேன். அந்த வீட்டில் ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் யார் முகம் சுளிப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்தபோது முதலில் தெரிந்தது என் முகம்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் காகித நட்சத்திரம் கட்டி, பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்தும் கடைசி ராத்திரி இரண்டு மணி வரைக்கும் விழித்திருந்தார்களாம். இதைப் போன சனிக்கிழமை அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார்கள். அந்த அம்மா சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'அந்தச் சீட்டு உங்க சட்டையில இருந்துச்சு. துவைக்கும்போது நான்தான் எடுத்தேன். நானும் கேக்கல' என்றாள்.

ஜூலையில் நீ போனில் ஒரு பெயர் சொல்லி, 'நம்ம வீட்டுக்கு வரலாமா?' என்று கேட்டபோது, நான் 'கொஞ்சம் யோசிக்கணும்மா' என்றேன். நீ 'சரிப்பா' என்று வைத்துவிட்டாய். சபையில் மேடையேறி வாசிக்கிற மனுஷன், மகளுக்குச் சொன்ன பதில் அது. நீ பேசாமல் இருப்பதில் தப்பு இல்லை. ஆனால் அம்மாவிடமாவது முழுசாகப் பேசு, அவளைத் தண்டிக்காதே. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், அது பொய். என்னிடமும் பேசு.

ராத்திரி வண்டி ஓட்டாதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ நிறைய வேலை இருக்கிற நாளில் மத்தியானம் பிஸ்கட்டோடு விட்டுவிடுவாய், எனக்குத் தெரியும்.

இந்த வருடக் கேரல் பட்டியலும் என்னிடம்தான் வந்திருக்கிறது. இப்போது மேஜையில் இருக்கிறது. டிசம்பர் 21, சனிக்கிழமை, முதல் இரவு பெரும்பாக்கம் என்று எழுதியிருக்கிறேன். கமிட்டியில் ஒருவர் டீசல் செலவு பற்றிக் கேட்டார், அதை நான் கொடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆயர் வேண்டாம், அது சபைச் செலவு என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. கடைசி வீட்டுச் சாப்பாடு ஆறாவது மாடியில். நாளை மறுநாள் நானும் அம்மாவும் நேரில் போய்க் கேட்கப் போகிறோம். அவர்கள் முடியாது என்று சொன்னாலும் சொல்லலாம். சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. 2010 பற்றியும் அங்கே வைத்தே சொல்லிவிடுவேன்.

உன் விஷயத்தை அங்கே நான் எடுக்க மாட்டேன். அது நீங்கள் இருவரும் பேச வேண்டியது.

பாடகர் குழுவில் சோப்ரானோ, அந்த மேல் குரல் பாட ஆள் குறைவு. தபேலாவுக்கு ஆளே இல்லை, கீபோர்டில் சமாளிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கூட்டம், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடு, பணம் அப்பா அனுப்புகிறேன். தம்பி சென்ட்ரலுக்கு வந்து நிற்பான். இல்லை, நானே வருகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: காணிக்கை ரசீது இதோடு வைத்திருக்கிறேன். ஸ்வெட்டரைத் தனிப் பார்சலில் அம்மா அனுப்புகிறாள், புதிது வாங்க வேண்டாமாம்.