திடலில் கடைசியாக நின்றவள்

பினாங்கு,
ஞாயிறு காலை

அன்புள்ள கமலா,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, இந்த ஆண்டு நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கல்வியும் நீதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நம் பள்ளித் திடல் நினைவிருக்கிறதா? ஆள் பிரிக்கும்போது உன்னை முதலில் கூப்பிடுவார்கள். நான்தான் கடைசி. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் திடலைச் சுற்றி ஓட வேண்டும், தாமதமாக வந்தால் தோப்புக்கரணம். ஓட்டம் என்றாலே தண்டனை என்று என் உடம்பு படித்துக்கொண்டது. பள்ளியை விட்டபின் முப்பது ஆண்டுகள் வியர்க்க நடந்ததே இல்லை. போன வருடம், சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் சில வாரம் யாராவது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டாலே ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவேன். அங்கே யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது மனத்தில் பதிய ஒரு மாதம் ஆயிற்று. இப்போது வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம் நடக்கிறேன். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, அந்தக் கணக்கு வந்துவிடுகிறது.

நீயும்தான் விட்டுவிட்டாய், கமலா. அவ்வளவு வேகமாக ஓடியவள், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிய ஆண்டில் உடற்கல்வி நேரத்தைக் கணக்குப் பாடம் பிடுங்கிக்கொண்டதோடு நின்றாய்.

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 18 முதல் 40 வயது வரையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பள்ளி உடற்கல்வி நினைவுகளைக் கேட்டு, 2018இல் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வகுப்பை ரசித்தவர்களுக்கு வளர்ந்த பிறகும் உடற்பயிற்சி மேல் நல்ல எண்ணம் இருக்கிறது. அவமானப்பட்டவர்களுக்கு அந்தக் கசப்பு போகவில்லை. படித்தபோது, நான் ஒருத்தி மட்டுமில்லை என்று அழுகையே வந்துவிட்டது.

உன் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுதான் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனை தொடங்கும், இல்லையா? 3 நிமிடம் பலகையில் ஏறி இறங்குவது, தண்டால், வயிற்றுப் பயிற்சி, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டுவது. அந்தப் புள்ளிகளை வகுப்பில் சத்தமாகப் படிக்காதே. முதல் முறை எடுத்ததைவிட அடுத்த முறை கூடியிருக்கிறதா என்று அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல். அணியை நீயே பிரித்துக் கொடு. அப்புறம், யாரையும் தண்டனையாக ஓடவிடாதே. பருமனான பிள்ளை ஒன்று சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும், அதன் பக்கத்தில் போய் நீ கொஞ்சம் நில்.

பள்ளி விடுமுறையில் இங்கே வா. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. போன மாதம் நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். நீ வந்தால் பேசிக்கொண்டே ஏறலாம்.

அன்புடன்,
மல்லிகா