லேஸ் முனை

தம்பிக்கு,

வளைகாப்புக்கு நீ வந்திருந்தபோது வாசலில் உன் ஷூவைப் பார்த்தேன். லேஸ் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் போய், நூல் பிரிந்து பஞ்சாக நின்றது. அம்மாவிடம் சொல்லவில்லை. எச்சில் தொட்டு முறுக்கி நுழைத்துக்கொண்டே இருந்தால் இன்னும் மேலே பிரியும், பார்த்துக்கொள்.

கவருக்குள் கறுப்பு ஸ்லீவ் வைத்திருக்கிறேன், நம்ம கடையில் வயர் ஜாயின்ட்டுக்குப் போடுவோமே, அதேதான். 5 மில்லிமீட்டர், சூடு காட்டினால் பாதியாகச் சுருங்கும். முதலில் பிரிந்த இடத்துக்குச் சற்று மேலே செல்லோடேப்பை இறுக்கிச் சுற்றி, டேப்போடு சேர்த்து வெட்டு, அப்போதுதான் வெட்டின இடம் பிரியாது. 2 சென்டிமீட்டர் ஸ்லீவை மாட்டி, லைட்டரைத் தள்ளிப் பிடித்து லேஸைத் திருப்பிக்கொண்டே இரு. தீ படக்கூடாது. வெட்டின துண்டைத் தனியாகக் கொளுத்திப் பார், உருகி உருண்டையானால் பாலியஸ்டரோ நைலானோ, ஸ்லீவ் இல்லாமலே முனையை லேசாக உருக்கிவிடலாம், சாம்பலானால் பருத்தி, அதற்கு ஸ்லீவ்தான். உருகினதை விரலால் தொடாதே, 200 டிகிரிக்கு மேல் இருக்கும். பருத்தியில் ஃபெவிக்விக் ஊற்றாதே, சூடேறிப் புகையும், கையைச் சுட்டுவிடும்.

புது லேஸ் வாங்கினால் என்ன பெரிய காசு என்று கேட்க வாய் வருகிறது. படிப்புக் கடனை நீயே அடைத்தாய், கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஷூவை இந்த நிலைமைக்கு விடலாமா? முன்னெல்லாம் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் "மீட்டிங்ப்பா" என்று கட் பண்ணுவாய், இப்போது முதல் ரிங்கிலேயே எடுக்கிறாய். எடுப்பது நல்லதுதான். நான் எதுவும் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்குத் தர வேண்டியதைத் தை மாதத்துக்கு மேல் பார்க்கலாம் என்று பேசிவிட்டேன், அதனால் அடுத்த மாதம் பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பிப் போட்டுவிடுவேன். மாடி ரூமில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், வேறு யாருக்கும் விடவில்லை. வைண்டிங் ஆர்டர் நிறைய இருக்கிறது, கணக்கு வழக்கு பார்க்க எனக்கும் ஆள் வேண்டும், கொஞ்ச நாளைக்கு என்றாலும் சரி.

ஸ்லீவ் நாலு துண்டு இருக்கிறது, இரண்டு வீணானாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை எங்கே போவதாக இருந்தாலும் அதற்குள் போட்டுவிடு. விரல் பத்திரம்.

அப்பா