பழைய காலுறையில் ஹலோவீன் பொம்மை: உங்கள் தையல் பெட்டி பற்றிய புகார்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
12.11.2024

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: ஹலோவீன் காலுறைப் பொம்மைத் தையல் பெட்டியில் உள்ள குறைகளும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும்

ஐயா / அம்மா,

எங்கள் தையல் வகுப்புக்கு உங்களிடம் பத்துப் பெட்டிகள் வாங்கினோம். ஒன்று 24.99 டொலர். பூசணி, பேய், கறுப்புப் பூனை மூன்றையும் செய்யலாம், பழைய காலுறை மட்டும் வீட்டில் இருந்தால் போதும் என்று மூடியில் போட்டிருக்கிறீர்கள். தமிழில் வழிகாட்டி இருந்ததால்தான் உங்கள் பெட்டியை எடுத்தோம். அதன் தமிழ் நன்றாகவே இருக்கிறது. அதில் சொன்னபடி தைத்தால் பொம்மைதான் வராது.

கண்ணில் இருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் இது பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியது. 7ஆம் படியில் பஞ்சடைத்த திறப்பைத் தைத்து மூடச் சொல்கிறீர்கள். 9ஆம் படியில் 12 மி.மீ. பிளாஸ்டிக் கண்ணைப் பொருத்தச் சொல்கிறீர்கள். அந்தக் கண்ணின் தண்டை உள்ளே இருந்து பிடித்துக்கொள்வது வாஷர் என்ற வட்டத் தகடு. மூடித் தைத்த பொம்மைக்குள் வாஷரை எந்த வழியாக விடுவது? வரிசையை மாற்றி, முதலில் கண்ணைப் பொருத்தினாலும் சிக்கல் தீரவில்லை. தண்டுக்குக் கத்தரிக்கோல் நுனியால் துளை வெட்டச் சொல்கிறது வழிகாட்டி. காலுறை பின்னல் துணி. ஓர் இழை அறுந்தால் கண்ணிகள், அதாவது பின்னலின் வளையங்கள், வரிசையாக அவிழ்ந்து துளை பெருகும், சற்று இழுத்தாலே கண் வாஷரோடு கையில் வந்துவிடும். குத்தூசியால் கண்ணிகளை விலக்கி, அறுக்காமல் துளை செய்ய வேண்டும். உட்புறம் 3 செ.மீ. அகல ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த துணி) வட்டம் ஒன்றை வைத்து, தண்டை அதனூடாகவும் விட்டு, பிறகு வாஷரை அழுத்த வேண்டும்.

இப்படிச் செய்தாலும் அது சின்னக் குழந்தைக்கான பொம்மை அல்ல. தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருளில் அதற்குள் அடங்கும் பாகம் கழன்று வரக் கூடாது என்பது கனடாவின் விதி. நீங்களோ மூடியில் 'எல்லா வயதினருக்கும்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆறிழை எம்பிராய்டரி நூலால் கண்ணைத் தைக்கும் மாற்று முறைக்கு வழிகாட்டியில் நாலு வரி போதும். அதுகூட இல்லை.

வெட்டும் முறையும் தலைகீழ். வரைந்து, வெட்டி, பிறகு தைக்கச் சொல்வது நெய்த துணிக்குச் சரி. காலுறையை வெட்டியதும் விளிம்பு சுருண்டுகொள்ளும். நீங்கள் தையலுக்கு விடச் சொன்ன 5 மி.மீ. தைக்க முன்னரே பாதியாகிவிடும். உட்புறம் வெளியே வரத் திருப்பி, வரைந்து, கோட்டின் மேலேயே 2 மி.மீ. பின்தையல் (ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னால் குத்தித் தைப்பது) போட்டுவிட்டு, 6 மி.மீ. தள்ளி வெட்டுவதே முறை. வழிகாட்டி சொல்லும் நூலோட்டுத் தையல் (மேலும் கீழுமாக ஊசியை ஓட்டுவது) பஞ்சடைக்கும்போது இடைவெளி விட்டுப் பல்லிளிக்கிறது. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலம் ரொக்ஃபோர்டில் நெல்சன் நிறுவனம் செய்த சிவப்புக் குதிக்கால் காலுறையில் குரங்குப் பொம்மை தைப்பவர்கள் கால்களுக்கு இரண்டு வரி தைத்துவிட்டுத்தான் நடுவில் வெட்டுவார்கள். உங்கள் பூனையும் அதே வடிவம்தான். ஆனால் அந்த வடிவம் நீண்ட கால் கொண்ட காலுறைக்கானது. கணுக்காலோடு நிற்கும் காலுறையில் பூனைக்குக் கால் வர இடமே இல்லை. குதிக்காலுக்கு மேலே எத்தனை சென்ரிமீற்றர் வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பழைய காலுறையில் குதிக்கால்தான் முதலில் தேயும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விலக்க வேண்டும் என்பதும் இல்லை. 'பழைய' என்று பெயரில் போட்டவர்கள் இதையாவது எழுதியிருக்கலாம்.

பூசணிக்குக் கொடுத்த ஊசி 4 சென்ரிமீற்றர். பஞ்சடைத்த உருண்டையின் நடுவால் அது மறுபக்கம் எட்டாது. கீற்றுகள் விழ, மேலிருந்து கீழே நடுவால் குத்தி, நூலை வெளிப்புறமாகச் சுற்றி மீண்டும் நடுவால் குத்தி, இப்படி ஆறு முறை இறுக்க வேண்டும். அதற்கு 12 செ.மீ. பொம்மை ஊசி தேவை. சாதாரணத் தையல் நூல் அந்த இறுக்கத்தில் அறுகிறது. பல்லிடுக்கைச் சுத்தமாக்கும் மெழுகிட்ட நூல்கூட அதைவிட நன்றாகத் தாங்கும்.

பெட்டிக்கு 100 கிராம் வெள்ளைப் பஞ்சு. மூன்று பொம்மைக்கும் சேர்த்து 150 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். கறுப்புக் காலுறை இழுபட்டால் வெள்ளைப் பஞ்சு இழைகளின் இடையே புள்ளி புள்ளியாகத் தெரியும். கறுப்புப் பஞ்சு தர முடியாவிட்டால், உள்ளே பழைய கறுப்பு நைலோன் காலுறையைப் போட்டுப் பஞ்சடைக்கச் சொல்லியிருக்கலாம்.

துணியில் கோடு வரைய நீங்கள் கொடுத்த, வெப்பத்தில் மறையும் பேனா பூனைக்குப் பயன்படாது. கறுப்பில் அதன் மை தெரியாது, தையல் சோக்தான் வேண்டும். பேயில் அயன் பண்ணியதும் மறைந்த கோடு, -18 பாகை ஃபிரீசரில் வைத்து எடுத்தபோது திரும்ப வந்துவிட்டது. ஹலோவீன் முடிந்து பொம்மையைக் குளிர்ந்த கராஜில் வைக்கும் நாட்டில் விற்கும் பொருளுக்கு இந்தப் பேனாவா? கறுப்பு ஃபெல்ட் சாயம் வெந்நீரில் இறங்கி வெள்ளைப் பேயைச் சாம்பல் நிறமாக்கியது.

ஆகவே, திறக்காத ஆறு பெட்டிகளையும் திரும்பப் பெற்று, பத்துக்கும் உரிய 249.90 டொலரையும் வரியையும் தர வேண்டும். இருப்பில் உள்ள பெட்டிகளின் மூடியில் இருந்து 'எல்லா வயதினருக்கும்' என்பதை உடனே நீக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கண் பற்றிய எச்சரிக்கையையும் திருத்திய படிகளையும் அனுப்ப வேண்டும். இதை அடுத்த ஒக்ரோபருக்குத் தள்ளிப்போட முடியாது. கழன்ற இரண்டு கண்களும் பொம்மைகளின் படங்களும் இத்துடன் உள்ளன. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
தையல் வகுப்புப் பொறுப்பாளர்கள்